ஒரு ஸ்பூனுக்கு ஒரு சொட்டு

நிறுத்து, நிறுத்து. முதலில் அந்த மூடியை மூடு. யாரோ எவளோ அதட்டுகிறாளே என்று பார்க்காதே. உன் நெற்றியைப் பார்த்துத்தான் அதட்டுகிறேன். என்ன அது, பெப்பர்மின்ட் எண்ணெயா? கொடு இப்படி. கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், இரு. ‘நூறு சதவீதம் சுத்தமானது.’ ஆமாம், வில்லங்கமே அதில்தான் இருக்கிறது. சுத்தமானது என்றால் எதுவும் கலக்காதது. எதுவும் கலக்காதது என்றால் அப்படியே எடுத்து நெற்றிப்பொட்டில் தேய்க்கக்கூடாதது. தேய்த்திருந்தாயானால் இந்த ரயில் அரியலூர் போவதற்குள் கண்ணிரண்டும் மிளகாய்ப்பொடி பட்ட மாதிரி ஆகியிருக்கும்.

“இயற்கையானதுதானே ஆன்ட்டி” என்கிறாய். அரளி விதையும் இயற்கையானதுதான். சாப்பிடுகிறோமா?

ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், அதில் இது ஒரு சொட்டு. ஒன்றே ஒன்று. அதையும் முதலில் முழங்கை உள்பக்கம் வைத்து, ஒரு நாள் முழுக்கப் பொறுத்து, சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால்தான் மற்ற இடம். ஒரு நாள் வரைக்கும் தலைவலி காத்திருக்குமா என்று கேட்காதே. தலைவலிக்குக் காபி குடி. காபிக்காரன் விருத்தாசலத்தில் ஏறுவான்.

“ஏங்க, அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்க, பொண்ணு மேல வெயில் படுது.”

இவர்தான் என் வீட்டுக்காரர். தில்லைநாயகம். பேச மாட்டார். பேச நேரம் கிடைப்பதில்லை என்று இவர் தங்கை சொல்வாள், அவளை விடு. முழுக்கைச் சட்டையைப் பார்த்தாயா? ஆனி மாதம், திருச்சி வெயில், மணிக்கட்டு வரைக்கும் பட்டன். அதற்கும் ஒரு கதை இருக்கிறது, வருகிறேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறாய்? படித்தேன். முறையாகப் படித்தேன். மூன்று வாரம், சனி ஞாயிறு, ஆன்லைனில். சர்ட்டிபிகேட் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நான் கான்வென்ட்டில் படித்தவள் அம்மா. சிஸ்டர் பெனடிக்டா கெமிஸ்ட்ரி லேபில் என் தலைக்கு மேல் நின்றுகொண்டு, “சுந்தரி, ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டு, ஒன்றேகால் இல்லை” என்பார். அதிலிருந்து எனக்கு அளவு என்றால் அளவு. அந்த வகுப்பில் ஆறு விதி கொடுத்தார்கள். ஆறையும் மனப்பாடமாகச் சொல்வேன். அப்படிப்பட்ட என் மேலேயே பழி வந்தது என்றால் பார்த்துக்கொள்.

மங்கை என்று எனக்கு ஒரு நாத்தனார். இவருடைய தங்கை. அவள் பெண் தாரிணிக்கு வைகாசியில் கல்யாணம். மங்கையின் புருஷன் மஸ்கட்டில் இருக்கிறார், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்புதான் லீவு. ஆகவே எல்லா வேலையும் தாய்மாமன் வீடு என்று எங்கள் தலையில். குறையாகச் சொல்லவில்லை. நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குப் பெண் கிடையாது. இரண்டும் பையன்கள், இரண்டும் கனடாவில். தாரிணிக்கு முதன்முதல் பின்னல் போட்டுவிட்டவள் நான். “அத்தை” என்று அவள் கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் என்ன என்று கேட்பேன். நான் அடுப்பை அணைப்பது லேசில் நடக்காது.

எங்கள் வீட்டில் நலங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் முதல் நலங்கு. வந்த பெண்களெல்லாம் அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்து உச்சியில் வைப்பார்கள், அவ்வளவுதான். தாய்மாமன் பெண்சாதி மட்டும் கையால், வெறும் கையால், எண்ணெயை எடுத்துக் கன்னத்தில் பூச வேண்டும். மோவாயிலிருந்து காதுவரைக்கும், இரண்டு பக்கமும். அது அத்தையின் உரிமை. அந்த எண்ணெயைத் தயார் பண்ணுவதும் அத்தைதான். மங்கைக்கு என் மாமியார் தம்பி பெண்சாதி பூசியது. எனக்கு என் அத்தை பூசியது. இப்போது என் முறை. இருபத்தாறு வருஷமாகக் காத்திருந்த முறை.

வெறும் நல்லெண்ணெயைப் பூசுவேனா நான்? சர்ட்டிபிகேட் வைத்துக்கொண்டு? எலுமிச்சைத்தோல் எண்ணெய் வரவழைத்தேன். முகத்துக்கு ஒரு ஸ்பூனுக்கு ஒரு சொட்டு. எலுமிச்சை வகை என்றால் அதிலும் பாதி, இரண்டு ஸ்பூனுக்கு ஒரு சொட்டு. வெள்ளிக் கிண்ணத்தில் இருபது ஸ்பூன் நல்லெண்ணெய் அளந்து ஊற்றினேன். பத்து சொட்டு எண்ணி விட்டேன். சிஸ்டர் பெனடிக்டா பார்த்திருந்தால் ஆனந்தத்தில் அழுதிருப்பார்.

அப்போது மங்கை வந்தாள். கிண்ணத்தில் மூக்கை விட்டாள்.

“என்ன அண்ணி, ஒரு வாசனையும் காணோம்? தோசைக்கு ஊத்தற எண்ணெய் மாதிரி இருக்கு.”

“அளவு அவ்வளவுதான் மங்கை.”

“இல்ல, பார்சல்லாம் வந்துச்சேன்னு கேட்டேன்.”

பார்த்தாயா அந்தக் கொழுப்பை? பார்சலாம். இன்னும் பத்து விட்டேன். மறுபடி மோந்தாள். “ம்… லேசா இருக்கு. உங்களுக்குத் தெரியாததா” என்றாள். அந்த ‘உங்களுக்குத் தெரியாததா’ இருக்கிறதே, அதை அவள் சொல்கிற விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது தடவை அவள் மூக்கை நீட்டியபோது நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கடைசியில், “ஆங், இப்பத்தான் வாசனை” என்றாள். அவள் மூக்கு மழுங்கல் என்றால் அதற்கு நான் பொறுப்பா, நீயே சொல்.

ஆனால் பரிசோதனையை விட்டேனா? விடவில்லை. அதே கிண்ணத்து எண்ணெயைத் தொட்டு முழங்கை உள்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்கு வைத்தேன். யார் முழங்கையிலா? இவர் முழங்கையில். வேறு யார் கையில் வைப்பது? தாரிணி கல்யாணப் பெண். அவள் கையில் வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? என் கை எப்போதும் தண்ணீரில், கழுவிப் போய்விடும். இவர் பாங்கிலிருந்து ரிட்டயர் ஆகிச் சும்மா இருக்கிற கை. வைத்துவிட்டு, “கழுவாதீங்க” என்றேன். அரைக்கைச் சட்டையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பத்திரிகை கொடுக்கப் போனார். காலை முழுக்க வெயிலில் சுற்றிவிட்டு மத்தியானம்தான் வந்தார்.

மறுநாள் கேட்டேன். “ஏதாவது இருக்கா?” என்றேன். சமையலறையிலிருந்துதான் கேட்டேன், வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. “ஒண்ணுமில்ல” என்றார். ஆயிற்று. பரிசோதனை முடிந்தது. அன்றைக்கு ஏதோ புதிதாக முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இந்தப் புழுக்கத்துல எதுக்கு?” என்றேன். “சும்மா” என்றார். இவருக்கு எப்போதுமே காலநிலை தெரியாது.

வியாழக்கிழமை நலங்கு. மங்கை வீட்டுக் கூடத்தில் என்றுதான் ஏற்பாடு. மனை போட்டு, கோலம் போட்டு எல்லாம் தயார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நலங்கு என்றால் வாயில் வராது, ‘ஹல்தி’. மஞ்சள் பாவாடை, மஞ்சள் தாவணி, ஜவ்வந்திப் பூ வளையல், ஒரு போட்டோகிராபர். அந்தப் போட்டோகிராபர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “லைட்டு பத்தாது, மொட்டை மாடிக்குப் போயிடலாம்” என்றான். காலை பத்தரை மணி. வைகாசி மாதம். எல்லாரும் மனையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மாடிப்படியில் மூன்றாவது படி ஏறும்போது எனக்கு ஆறாவது விதி ஞாபகம் வந்தது. எலுமிச்சை, நாரத்தை வகை எண்ணெய் பூசினால் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் வெயில் படக்கூடாது. பட்டால் தோல் வெந்துபோகும். ஞாபகம் வந்தது அம்மா, நான் இல்லை என்று சொல்லவில்லை. வாயைத் திறந்தும்விட்டேன். அந்த நேரம் பார்த்து அவன் திரும்பி, “அத்தை யாரு? நீங்களா? நீங்கதான் முதல்ல, க்ளோசப்” என்றான். மங்கை பின்னாலிருந்து, “அண்ணி, அந்தக் கண்ணாடியைக் கழட்டிடுங்க, க்ளோசப்பாம்” என்றாள். கண்ணாடியைக் கழற்றினேன், முந்தானையைச் சரி பண்ணினேன், மேலே போய்ச் சேர்ந்துவிட்டேன். பத்து நிமிஷ வேலைதானே என்று நினைத்தேன். பத்து நிமிஷமா? “ஒன்ஸ் மோர் ஆன்ட்டி, கொஞ்சம் அழுத்திப் பூசுங்க, விரல் தெரியட்டும்” என்று நாலு தடவை பூச வைத்தான். ஒரு மணி நேரம் அந்தப் பெண் வெயிலில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை தாரிணி போன் பண்ணினாள். “அத்தை, கன்னம் எரியுது.” போனேன். சிவந்திருந்தது. திங்கட்கிழமை சிவப்பெல்லாம் கறுத்து, பழுப்பாகி, பளிச்சென்று தெரிந்தது. என்ன தெரிந்தது என்கிறாய்? விரல். நாலு விரல். இந்தக் கன்னத்தில் நாலு, அந்தக் கன்னத்தில் நாலு. மோவாயிலிருந்து காதுவரைக்கும். யாரோ வெறி பிடித்தவர்கள் மாற்றி மாற்றி அறைந்த மாதிரி.

தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம். சின்னப் பெண்தான், கெட்டிக்காரி. பார்த்த உடனே, “எலுமிச்சையா? வெயிலா?” என்றாள். தானாக மறையும், சில வாரம் ஆகும், அதுவரை வெயிலில் காட்டாதே, எதையும் பூசாதே, மேக்கப்பும் வேண்டாம் என்றாள். நான் பரிசோதனை செய்ததைச் சொன்னேன்.

“யார் கையில பண்ணீங்க?”

“என் வீட்டுக்காரர் கையில.”

பேனாவைக் கீழே வைத்தாள். “அவருக்கா கல்யாணம்?” என்றாள்.

டாக்டர்களுக்கு இப்போதெல்லாம் வாய் நீளம். “பூசிக்கப் போறவங்க கையிலதாம்மா வைக்கணும். ஒருத்தர் தோல் மாதிரி இன்னொருத்தர் தோல் இருக்காது. வெச்சுட்டு நல்லாப் பார்க்கணும்” என்றாள். சரி, அது எனக்குத் தெரியாத விதி இல்லை. ஆறு விதியில் எழுதியிருந்தது ‘முழங்கை’ என்றுதான். யாருடைய முழங்கை என்று தனியாக எழுதவில்லை. அது விதி எழுதினவர்கள் தப்பு.

இது இத்தோடு போயிருந்தால் உன்னிடம் ஏன் சொல்லப்போகிறேன்? செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் அம்மா மங்கை வீட்டுக்கு வந்தார். வடிவாம்பாள் என்று பேர், வடிவு டீச்சர் என்றால்தான் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக இருந்து ரிட்டயர் ஆனவர். கூறைப்புடவைக்கு ஜாக்கெட் அளவு வாங்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். தாரிணி கதவைத் திறந்தாள். டீச்சர் அந்தக் கன்னத்தைப் பார்த்தார், இந்தக் கன்னத்தைப் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். காபியைப் பாதி குடித்தார். பாதியை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜாக்கெட் அளவு வாங்கவே இல்லை.

சாயங்காலம் போன். மங்கையிடம் சொன்னாராம்: “பொண்ணுக்கு இதுல இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. அடிச்சுச் சம்மதிக்க வெச்ச பொண்ணு என் மகனுக்கு வேண்டாம்.” முப்பத்து நாலு வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைகளைப் பார்த்தவர் அம்மா. திடீரென்று ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராது. வந்தால் கன்னம் வீங்கியிருக்கும். அடுத்த வாரம் கல்யாணப் பத்திரிகை வரும். எத்தனை பார்த்திருப்பார்! போனிலேயே தாரிணியிடம் தனியாகப் பேசினார். “எண்ணெய் ஆன்ட்டி, எண்ணெய்தான்” என்று இது சொல்லியிருக்கிறது. “பக்கத்துல யாரும் இருக்காங்களாம்மா? ஆமான்னா மட்டும் ம்னு சொல்லு” என்று அவர் கேட்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மாமியார் வாய்த்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மண்டபம், சமையல், எண்ணூறு பத்திரிகை. தாரிணி கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். பிடித்துப்போன பையன், இரண்டு வருஷமாகத் தெரிந்த பையன். வெளியே வரமாட்டேன் என்கிறாள். “அத்தை” என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

புதன்கிழமை டீச்சர் நேரில் வருவதாகச் சொன்னார். மங்கை என்ன யோசனை பண்ணினாள் தெரியுமா? “அண்ணி, நீங்க சமையலறையிலேயே இருங்க. வாயைத் திறக்காதீங்க. கத்தரிக்காய் ஒத்துக்கலைன்னு நான் சொல்லிக்கிறேன்.” நான் பேசாமல் போய் அடுப்பருகே நின்றேன். என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னால் நான் இருப்பவள்தான்.

டீச்சர் வந்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. “நான் ஒரு தடவை ஒரு பிள்ளையோட கன்னத்தைப் பார்த்தும் கேட்காம விட்டிருக்கேன். இனிமே விடறதா இல்லை. அடிச்சது யாரு?”

“ஐயோ, அடியா! கத்தரிக்காய் ஒத்துக்கலை டீச்சர்” என்றாள் மங்கை.

“கத்தரிக்காய்க்கு விரல் இருக்கா?” என்றார் டீச்சர்.

நானும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? காபித் தட்டோடு வெளியே வந்தேன். “கத்தரிக்காய் இல்லை டீச்சர், எலுமிச்சை” என்றேன். மங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். ஸ்பூன் கணக்கு, சொட்டுக் கணக்கு, தோல் எண்ணெய்க்கும் சாறுக்கும் உள்ள வித்தியாசம், வெயிலில் என்ன ஆகும், எல்லாம். ஆறு விதியையும் வரிசையாகச் சொன்னேன். டீச்சர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது நல்லாப் படிச்சு ஒப்பிக்கற மாதிரி இருக்கு. இவ்வளவு தெரிஞ்சவங்க முன்னாடியே பரிசோதனை பண்ணிப் பார்க்கலையா?” என்றார்.

“பண்ணினேனே! இவர் கையில வெச்சேன். இவருக்கு ஒண்ணுமே ஆகலை.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. இவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், எண்ணெய் ஒன்றும் செய்யாது என்றாகிறது. எண்ணெய் செய்யவில்லை என்றால் கை செய்தது என்றாகிறது. என் வாயாலேயே அந்தப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள் அறைக் கதவருகே தாரிணி நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது இவர் இருமினார். இதோ இப்படித்தான், மூலையில் உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. இவராகவே வலது கைப் பட்டனைக் கழற்றினார். மெதுவாக மடித்தார், ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, பாங்கில் நோட்டு எண்ணுகிற மாதிரி. முழங்கைக்கு உள்பக்கம், ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக, தாரிணி கன்னத்தில் இருந்த அதே பழுப்பு.

டீச்சர் குனிந்து பார்த்தார். “இதை ஏன் சார் அன்னிக்கே சொல்லலை?”

“இவ கேட்டா. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

இவர் என்னைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். “எரியுதுன்னு சொன்னா, நான் சரியாக் கையை நீட்டலை, சட்டையில தேய்ச்சுக்கிட்டேன், யார் வெயில்ல போகச் சொன்னதுன்னு என் பக்கம் திரும்பும். முழுக்கைச் சட்டை சுலபம்” என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் இவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முதலில் சிரித்தது டீச்சர்தான். அப்புறம் மங்கை. அப்புறம் எல்லாரும். என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் அப்படியா இவரைச் சொல்வேன்? வெயிலில் போனது இவர் தப்புத்தானே?

தாரிணி சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள். என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். என் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இந்தச் சுண்டுவிரலைப் பார், வளைந்திருக்கிறதா? ஸ்கூலில் த்ரோபால் கேப்டன் நான். பைனலில் உடைந்தது, கட்டுப் போட்டும் நேராகவில்லை. தாரிணியின் கன்னத்திலும் கடைசி விரல் அதே வளைவு. விரலுக்கு விரல் பொருந்தியது. அச்சு வைத்து எடுத்த மாதிரி.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார். “விரல் உங்களுதுதான். அடிச்சீங்களா?”

“பூசினேன் டீச்சர்.”

“அப்ப இது யார் தப்பு? வாயால சொல்லுங்க.”

நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. மங்கையின் மூக்கு இருந்தது. மொட்டை மாடி இருந்தது, அந்தப் போட்டோகிராபர் இருந்தான். இவர் சட்டை இருந்தது. ஆனால் என் உள்ளங்கையின் கீழே அந்தக் கன்னம் சூடாக இருந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அழுத்தினால் வலிக்கும். அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என் தப்பு டீச்சர். அளவுக்கு மேல விட்டேன். வெயில்னு தெரிஞ்சும் பூசினேன்” என்றேன்.

“அத்தை” என்றாள் தாரிணி. அவ்வளவுதான்.

கல்யாணத்துக்காகச் சொன்னேன் அம்மா. வேறு வழியில்லை. மங்கை அதை இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், ‘எங்க அண்ணி தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க, நான் என் காதால கேட்டேன்’ என்று, ஏதோ வால் நட்சத்திரம் பார்த்த மாதிரி. மற்றபடி மூக்கு அவளுடையதுதான், மாடி அவனுடையதுதான்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கன்னத்தில் எதையும் பூசி மறைக்க வேண்டாம், யார் கேட்டாலும் அத்தை நலங்கு வைத்தது என்று சொல்லுங்கள் என்று. அப்படியே மேடையில் உட்கார்ந்தாள். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தக் கன்னத்து டிசைன் எந்தப் பார்லர்ல போட்டது? என் பொண்ணுக்கும் தை மாசம்” என்று கேட்டாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “அது எல்லா இடத்திலயும் போட மாட்டாங்க” என்றேன்.

விருத்தாசலம் வந்துவிட்டதே. காபி வாங்கிக்கொள். ஏய், இந்தப் பக்கம்! மூன்று. சர்க்கரை கம்மியாக ஒன்று.

எங்கே போகிறோம் என்றா கேட்டாய்? தாம்பரம். தாரிணி தனிக்குடித்தனம் வைக்கிறாள். நாளைக் காலையில் பால் காய்ச்சுகிறார்கள். கன்னம் முக்கால்வாசி மறைந்துவிட்டது, போட்டோ அனுப்பினாள். சுண்டுவிரல் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது. போகும்போது வெறும் கையோடா போவது? அந்த நீலப் பையில் ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது. லெமன்கிராஸ். பயப்படாதே, இது கன்னத்துக்கு இல்லை, கால் வலிக்கு. அவளுக்கு நின்றுகொண்டே வேலை. அளந்து கலந்தேன். இந்த முறை யார் மூக்கையும் கேட்கவில்லை.

பரிசோதனையா? பண்ணாமலா? போன வியாழக்கிழமை பண்ணினேன். இவர் கையில்தான். சிரிக்காதே. டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, தாரிணி கையிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். இவர் முதல் ரவுண்டு. மறுநாள் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

எங்கேயிருந்து கேட்டேன் என்றால்? வீட்டில்தான். வீட்டில் எங்கே என்றால், அப்போது ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அதனால் என்ன? கேட்டேனா இல்லையா?

என்ன பார்க்கிறாய்? ஏன் இவர் சட்டைக் கையையே பார்க்கிறாய்? அது பழக்கம் அம்மா, கல்யாணத்திலிருந்து பழகிவிட்டது. நடுவில் பத்து நாள் அரைக்கை போட்டார். அப்புறம் மறுபடி இது. எப்போதிலிருந்து என்றால்… போன வெள்ளிக்கிழமையிலிருந்து.

இரு.

“ஏங்க. தூங்கற மாதிரி பண்ணாதீங்க, காபியை இப்பத்தான் குடிச்சீங்க. கையை நீட்டுங்க. அந்தக் கை இல்ல, இந்தக் கை. பட்டனைக் கழட்டுங்க. நானே கழட்டறேன், விடுங்க.”

கண்ணாடி எங்கே? மடியிலேயே இருக்கிறதா? கொடு.

“இது என்னங்க? தடிச்சு, செவப்பா… ஒரு வாரமா இப்படியே வெச்சிருக்கீங்களா? குளிக்கும்போது எரியலையா? தூங்கும்போது?”

அந்த நீலப் பையை இப்படித் தள்ளு அம்மா. பாட்டிலை எடு. இறங்கும்போது நீயே எங்கேயாவது போட்டுவிடு, என் கையில் கொடுக்காதே. கொடுத்தால் மறுபடி அளப்பேன்.

“இப்படித் திரும்புங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க. அரிக்குதா?”

பார், மறுபடி சட்டைக் கையை இறக்கப் பார்க்கிறார்.

“பரவாயில்ல, சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”